படகு இயந்திரத்தின் குளிராக்கு நீர்: தெரிதலும் மாற்றுதலும்

இலங்கையைச் சூழ்ந்த கடல் எக்காலத்தும் உறைவதில்லை. நுவரெலியாப் புற்றரைகளிலே தை, மாசி மாதங்களின் விடியற்புறத்தில் உறைபனி படிவதுண்டாயினும், அங்கே மீன்பிடிப் படகு எதுவும் ஓடுவதில்லை. அங்ஙனமிருக்க, 'அன்ரிபிறீஸ்' என்ற பெயரில் விற்கப்படும் உறைதடுப்பு நீர்மத்தை வாங்கிப் படகின் டீசல் இயந்திரத்தில் வார்க்குமாறு இயந்திர உற்பத்தியாளர் கூறுவது எதற்காக எனப் படகுடையோர் கேட்பது நியாயமே. உறையாத நாட்டில் உறைதடுப்பு வேண்டாம் எனத் துணிந்து, கிணற்று நீரையே வார்த்துக்கொண்டு தொழிலுக்குப் போவோரும் உளர். இக்கேள்விக்குரிய விடையை நன்கு அறிந்துகொண்டால், எந்த நீர்மத்தைத் தெரிவது, அதனை எந்த நீரிற் கலப்பது, எப்போது மாற்றுவது என்னும் மற்றைய வினாக்களுக்கும் விடை காண்பது எளிதாகும்.

1958 ஆம் ஆண்டளவில் 28 அடி நீளமான மூன்றரைத் தொன் படகுகள் உள்ளிணைந்த டீசல் இயந்திரத்துடன் நமது கரைகளில் அறிமுகமாயின. 1980 ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் பலநாட் கலங்கள் பெருகின. முன்னையது மாலையிற் சென்று காலையில் மீள்வது; பின்னையது வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்பது. கரைக்கு அண்மையில் இயந்திரம் நின்றால் வேறொரு படகு இழுத்து வரும். கரை காணாத தொலைவில் நின்றாலோ, பிடித்த மீனும் பனிக்கட்டியும் மாத்திரமன்றிப் படகிலுள்ளோர் உயிரும் காற்றின் போக்கில் விடப்பட்டனவாகும். ஆதலால் இவ்விடயத்தைச் சிறு செலவு பற்றியதெனக் கருதுதல் தகாது.

இருவகை நீர்ச்சுற்று

படகு இயந்திரம் பலவற்றில் இரண்டு நீர்ச்சுற்றுக்கள் உள. ஒன்றிற் கடல்நீர் ஓடும். படகின் அடியிலுள்ள வாயிலால் உட்புகுந்து, வடியைக் கடந்து, இறப்பர்ச் சுழலியுடைய பம்பியால் தள்ளப்பட்டு, வெப்பமாற்றியின் குழாய்களினூடாகச் சென்று, புகைக்குழாய் வழியே மீண்டும் கடலில் விழும். மற்றையதில் நன்னீர்க் கலவை ஓடும். அது வெளியே போவதில்லை. இயந்திரத்தின் உருளைகளைச் சுற்றியும் தலைப்பகுதியினூடாகவும் ஓடி, அங்குள்ள வெப்பத்தை ஏந்திவந்து, வெப்பமாற்றியிற் கடல்நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் உருளைகளை அடையும். இப்பிரசுரம் இந்த இரண்டாவது சுற்றிலுள்ள நீரைப் பற்றியதே.

எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுமாயின், முதலிற் சோதிக்கவேண்டியது கடல்நீர்ச் சுற்றையாகும். வடியிற் பாசியோ பிளாஸ்ரிக் துண்டோ அடைத்திருக்கலாம். சுழலியின் இறப்பர் இதழ் கிழிந்திருக்கலாம். வெப்பமாற்றியிற் செருகப்பட்ட நாகக் கோல் முற்றாகக் கரைந்துபோயிருக்கலாம். பின்புறத்துப் புகைக்குழாயால் நீர் குறைவாக விழுவதைக் கண்டால், குளிராக்கு நீர்மத்தைக் குறைகூறுவதிற் பயனில்லை.

உறைதடுப்பின் உண்மைப் பயன்

உறைதடுப்பு நீர்மத்திற் பெரும்பகுதியாக இருப்பது எதிலீன் கிளைக்கோல் என்னும் இரசாயனப் பொருளாகும். அதனையும் நீரையும் சம அளவிற் கலந்தால், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வரையும் அக்கலவை உறையாது. பனிநாடுகளில் இக்குணமே பெரிதும் வேண்டப்படுவது. நமக்கு அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய குணங்கள் வேறு இரண்டு.

முதலாவது, கொதிநிலை. வெளியமுக்கத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், சம அளவு கிளைக்கோல் கலந்தபின் ஏறத்தாழ 107 பாகையிலேயே கொதிக்கும். அமுக்க மூடி சரியாக இறுகியிருப்பின் இது மேலும் உயரும். உருளைத்தலையின் சூடான மூலைகளில் நீர் ஆவியாகிக் குமிழ்விடாதிருக்க இது உதவுகின்றது.

இரண்டாவதே முதன்மையானது. விற்கப்படும் நீர்மத்திற் கிளைக்கோலுடன் அரிப்புத் தடுப்பிகள் சிறிதளவு சேர்க்கப்பட்டுள்ளன. இயந்திரத்தினுள்ளே வார்ப்பிரும்பு, உருக்கு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப்பற்று ஆகிய பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து நிற்கின்றன. சூடான நீரில் இவை ஒன்றையொன்று அரிக்கும். தடுப்பிகள் ஒவ்வோர் உலோகத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகப் படிந்து, அவ்வரிப்பை நிறுத்துகின்றன. நாம் விலைகொடுத்து வாங்குவது உண்மையில் இத்தடுப்பிகளையே. கிளைக்கோல் மாத்திரம் இருந்து தடுப்பிகள் இல்லாவிடின், அது வெறும் நீரினுங் கேடானது. ஏனெனிற் சூட்டிலும் காற்றிலும் கிளைக்கோல் மெல்ல மெல்ல அமிலமாக மாறும்.

டீசல் இயந்திரத்துக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. பல இயந்திரங்களில் உருளையின் உட்கவசமாகிய லைனரின் வெளிப்புறம் நேராகக் குளிராக்கு நீரிற் படுகின்றது. எரிபொருள் வெடிக்குந்தோறும் முசலம் லைனரின் பக்கத்தில் மோதுகின்றது. அம்மோதலால் லைனர் மணியடித்தாற்போல் அதிர்கின்றது. சுவர் உள்ளே விலகும் கணத்தில் அதனை ஒட்டிய நீரில் நுண்ணிய ஆவிக்குமிழ்கள் தோன்றும். சுவர் திரும்பும் கணத்தில் அவை நெரிந்து உடையும். ஒவ்வொரு குமிழும் உடையும்போது ஊசிமுனையாற் குத்தியதுபோன்ற அடி உலோகத்தில் விழும். இவ்வாறு நிமிடத்துக்குப் பல நூறு தடவை, மாதக்கணக்கில் நிகழ, லைனரின் வெளிப்புறத்தில் நிரைநிரையாகக் குழிகள் விழுந்து, ஈற்றில் அவற்றுள் ஒன்று ஊடுருவித் துளையாகிவிடும். அதன்பின் குளிராக்கு நீர் உருளைக்குள்ளும் உராய்வு எண்ணெய்க்குள்ளும் புகும். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறும். தாங்கிகள் கெடும். இயந்திரத்தை முற்றாகப் பிரிக்கவேண்டி வரும்.

தடுப்பிப் படலம் இருக்குமாயின், குமிழின் அடி அப்படலத்தின் மேல் விழும். படலம் சிதைந்தாலும் நீரிலுள்ள தடுப்பி உடனே மீண்டும் படியும். வெறும் கிணற்று நீரில் இப்பாதுகாப்பு இல்லை. துருவும் குழியும் வெளியே தெரியாதபடியால், வெப்பமானியின் முள் ஒழுங்கான இடத்தில் நிற்கும்போதே இக்கேடு வளர்ந்துகொண்டிருக்கும்.

தெரியும் முறை

கடையில் நீர்மத்தின் நிறத்தைப் பார்த்துத் தெரிதல் பெரும் பிழை. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்பன உற்பத்தியாளர் தத்தம் விருப்பப்படி இடுஞ் சாயங்கள். நிறத்துக்கும் குணத்துக்கும் உறுதியான தொடர்பு கிடையாது. கலனிலுள்ள சீட்டை வாசித்தல் வேண்டும். இயந்திரக் கைநூலிற் கூறப்பட்ட நியமம் அதிற் குறிக்கப்பட்டுள்ளதா என்பதே கேள்வி. மோட்டார்க் கார்களுக்குரிய நீர்மத்தின் நியமம் வேறு. பாரமான டீசல் இயந்திரத்துக்குரியது வேறு. எடுத்துக்காட்டாக, அமெரிக்க நியமங்களுள் ஏ.எஸ்.ரி.எம். டி 3306 என்பது கார்களுக்கும் இலகு வாகனங்களுக்கும் உரியது. டி 6210 என்பது பாரமான இயந்திரங்களுக்கு உரியது, லைனர்க் குழிவிழுதலைத் தடுக்கும் பொருள்களும் அடங்கியது. காருக்கு வாங்கியதில் எஞ்சியது வீட்டில் இருக்கின்றதெனப் படகில் வார்த்தலாகாது. கமத்தொழிலுஞ் செய்வோர் தமது நான்கு சில்லு உழவுயந்திரத்துக்கும் இவ்விதியையே கைக்கொள்ளலாம்.

தடுப்பிகளின் இனமும் நோக்கத்தக்கது. சிலிக்கேற்று, பொசுபேற்று, நைத்திரைற்று முதலிய உப்புக்களைக் கொண்டவை பழைய வகை. இவற்றின் வலு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் குறைந்துவிடும். சேதன அமிலங்களின் உப்புக்களைக் கொண்டவை புதிய வகை. இவற்றுட் பல ஐந்து ஆண்டுவரை உழைக்கும் என உற்பத்தியாளர் குறிக்கின்றனர். இரண்டும் கலந்த வகையும் உண்டு. எந்த வகையும் தனித்து நின்றால் நன்று. ஒன்றின்மேல் ஒன்றைக் கலந்து வார்த்தால் தடுப்பிகளின் அளவு குழம்பிவிடும். சிலவேளைகளிற் கூழ்போன்ற மண்டி படிந்து குழாய்களை அடைப்பதும் உண்டு. ஐந்தாண்டு உழைக்கும் நீர்மத்துடன் இரண்டாண்டு உழைப்பதைக் கலந்தால், அக்கலவையை ஐந்தாண்டுக்கு நம்புதல் இயலாது.

சில கலன்களில் உள்ளது செறிவான நீர்மம். வேறு சிலவற்றில் உள்ளது ஏற்கெனவே நீர் கலந்தது. பின்னையதை வாங்கி, பழக்கத்தால் மேலும் நீர் கலந்துவிடுவோர் உளர். செறிவான நீர்மத்தையும் அப்படியே வார்த்தலாகாது. கிளைக்கோல் நீரைப்போல் வெப்பத்தை ஏந்தமாட்டாது; ஆகையால் அது மிகுந்தால் இயந்திரம் மேலும் சூடேறும். வியப்பு யாதெனில், தூய கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 13 பாகையிலேயே உறைந்துவிடும். நீர் கலந்தபின்னரே அது உறைதடுப்பாகின்றது. கைநூல் வேறுவிதமாகக் கூறாவிடின் சரிபாதி கலத்தல் பொருத்தமானது. நீர்மம் மூன்றிலொரு பங்குக்குக் குறையுமாயின் தடுப்பிகள் போதா.

இங்கே சிறு கணக்கொன்றை நோக்குக. 20 லீற்றர் கொள்ளும் இயந்திரத்தில் 10 லீற்றர் நீர்மமும் 10 லீற்றர் நீரும் உள எனக் கொள்வோம். ஒழுக்கினால் 5 லீற்றர் குறைய, வெறும் நீரால் நிரப்பினால், எஞ்சிய நீர்மம் ஏழரை லீற்றர். அதாவது நூற்றுக்கு 37½ வீதம். மீண்டும் 5 லீற்றர் குறைந்து மீண்டும் நீர் வார்த்தால், அது 28 வீதமாகிவிடும். இரண்டே தடவையிற் பாதுகாப்பு எல்லை கடந்துவிட்டது. நிறமோ இன்னும் பச்சையாகவே இருக்கும். ஆகவே குறைந்ததை நிரப்புவதற்கும் அதே விகிதத்திற் கலந்த கலவையையே ஒரு கலனில் ஆயத்தமாகப் படகில் வைத்திருத்தல் வேண்டும்.

கலக்கும் நீர்

நல்ல நீர்மத்தைத் தீய நீரிற் கலப்பது, நல்ல நெல்லை உவர்நிலத்தில் விதைப்பது போன்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் படையினூடாக ஊறிவரும் வன்னீர். அதனைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெண்ணிறப் பொருக்குப் படிவதை வீடுதோறும் காணலாம். அதே பொருக்கு உருளைத்தலையின் சூடான பகுதியிலும் படியும். படிந்த இடத்தில் நீர் உலோகத்தைத் தொடமாட்டாது, வெப்பமும் வெளியேறமாட்டாது. வன்னீர் சிலிக்கேற்று முதலிய தடுப்பிகளையும் வீழ்படிவாக்கி வீணாக்கும். கடற்கரை, வாவிக்கரைக் கிணறுகளில் வேறொரு குற்றம் உண்டு. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும் மென்னீராக இருந்தாலும், அவற்றில் உப்பு, அதாவது குளோரைட்டு, கலந்திருக்கலாம். குளோரைட்டு, தடுப்பிப் படலத்தைத் துளைத்து உலோகத்தில் ஆழக் குழிபறிக்கும்.

இயந்திர உற்பத்தியாளர் சிலர் லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டும், 170 மில்லிகிராமுக்கு மேல் வன்மையும் உள்ள நீரை விலக்குகின்றனர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. 20 லீற்றர் கொள்ளும் சுற்றில் ஒரு லீற்றர் கடல்நீர் சேர்ந்தாற்கூட, குளோரைட்டு 950 மில்லிகிராம் அளவுக்கு ஏறிவிடும்; இது மேற்கூறிய எல்லையின் இருபது மடங்குக்கு மேற்பட்டது.

காய்ச்சி வடித்த நீரே தகுந்தது. பற்றரிக்கு வார்க்கும் நீர் எனக் கடைகளில் இது கிடைக்கும். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாது பார்த்தல் வேண்டும். அது கிடையாத இடத்தில் மழைநீரைப் பயன்படுத்தலாம். முதல் மழை கூரையையும் காற்றையும் கழுவி வருவதாதலால் அதை விட்டு, சற்றுநேரம் பெய்தபின், அலையெறியும் கரையிலிருந்து விலகிய வெளியில், தூய பிளாஸ்ரிக் பாத்திரத்தில் நேராக ஏந்துதல் வேண்டும். சீமெந்துத் தொட்டியில் நின்ற மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும். ஆகையால் அது வேண்டாம். கிழக்குக் கரையிலும் வடக்கிலும் வாடைக்காற்றுக் காலத்தில் படகுகள் பெரும்பாலும் தொழிலுக்குப் போகாது நிற்பதால், மழைநீர் ஏந்துவதற்கும் குளிராக்கு நீரை மாற்றுவதற்கும் அதுவே வாய்ப்பான காலம்.

நச்சுத்தன்மை

எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. அதன் சுவை இனிப்பாயிருத்தலாற் சிறுவரும் நாய்களும் விரும்பிக் குடிப்பர். வளர்ந்த ஒருவரைக் கொல்வதற்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர், அதாவது அரைக் குவளைக்குச் சற்றேறத்தாழ, போதுமானது. சிறுவருக்கு மிகச் சிறிதளவே போதும். குடித்தவர் முதலில் மது அருந்தியவர்போற் தள்ளாடுவார். பின்னர் தெளிந்தவர்போலவும் தோன்றலாம். சிறுநீரகம் பழுதாவது அதற்குப் பின்னரே தெரியும். ஆகவே குடித்துவிட்டார் என்ற ஐயம் எழுந்தவுடன், அவர் நலமாகத் தோன்றினாலும், நீர்மம் இருந்த கலனையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். வேளைக்குப் போனால் மருந்து உண்டு.

பலநாட் கலங்களிற் குடிநீரும் பிளாஸ்ரிக் கலன்களிலேயே கொண்டுசெல்லப்படுகின்றது. குளிராக்கு நீர்மத்தையும் அதேபோன்ற கலனிலோ, சோடாப் போத்தலிலோ, சாராயப் போத்தலிலோ ஊற்றி வைத்தால், இருளில் தாகத்தோடு வந்தவன் எதனை எடுப்பான் என்பதை எண்ணிப் பார்க்க. அது தான் வந்த கலனிலேயே, சீட்டோடு, இயந்திர அறையில் இருத்தல் வேண்டும். நீர்மத்தில் உப்புக் கலந்துள்ளதா என நாவில் இட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுக.

மாற்றும் முறை

கலவை தெளிவாயிருக்கின்றதென்று நாளைத் தள்ளிப்போடுதல் ஆகாது. தடுப்பிகள் தீர்ந்தாலும் நிறமும் தெளிவும் மாறாதிருக்கலாம். கைநூலிற் கூறிய ஆண்டு அல்லது ஓட்ட மணித்தியாலம், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவே தவணை. கபில நிறம், துருத்தூள், மேலே மிதக்கும் எண்ணெய் ஆகியன தோன்றினால் தவணைக்குக் காத்திராது காரணத்தை ஆராய்தல் வேண்டும். வெளியே ஒழுக்கில்லாமல் மட்டம் குறைந்துகொண்டே வருமாயின், வெப்பமாற்றியின் குழாய் துளைபட்டிருக்கலாம். இயந்திரம் ஓடும்போது அத்துளையாற் கலவை கடலுக்குப் போகும். நின்று குளிரும்போது கடல்நீர் உள்ளே இழுபடலாம். இதனைச் சீராக்காமற் புதிய கலவையை வார்ப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும்.

சூடான இயந்திரத்தின் அமுக்க மூடியைத் திறந்தால், கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். கைபொறுக்கும் அளவுக்கு ஆறியபின், தடித்த துணியால் மூடியைப் பற்றி, முதற்படிவரை திருப்பி அமுக்கத்தை விட்டபின்னரே முற்றாகத் திறத்தல் வேண்டும். பின்னர், உருளைத்தொகுதி, வெப்பமாற்றி, எண்ணெய் குளிராக்கி, நீர் சூழ்ந்த புகைத்தொகுதி ஆகியவற்றின் அடியிலுள்ள வடிதிருகுகள் எல்லாவற்றையும் திறந்து வடிக்க. வடிந்ததை வாளியில் ஏந்தி அளந்து பார்த்தல் மிகவும் பயனுடையது. கைநூல் 20 லீற்றர் என்று கூற, வாளியில் 14 லீற்றரே விழுந்ததாயின், 6 லீற்றர் பழைய நீர் எங்கோ நிற்கின்றது. வடிதிருகின் துளையை மண்டி அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியாற் குத்தி விடுதல் வேண்டும்.

வடித்ததைப் படகின் அடித்தளத்திலோ, கடலிலோ, கிணற்றுக்கு அண்மையிலோ ஊற்றலாகாது. கடல் மாசுறுவதைத் தடுப்பதற்கென 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. மூடியுள்ள கலனில் அடைத்து, பழைய எண்ணெயோடு கலவாமல், கழிவேற்கும் இடத்திற் கொடுத்தல் வேண்டும்.

அடுத்து, திருகுகளை மூடி, தூய நன்னீரை நிரப்பி, இயந்திரத்தை ஓட்டிக் கழுவுதல். இங்கே ஓர் எச்சரிக்கை. படகு கரையேறி நிற்குமாயின் கடல்நீர்ப் பம்பிக்கு நீர் கிடையாது. உலர்ந்தோடும் இறப்பர்ச் சுழலி மிகக் குறுகிய நேரத்திற் கருகிவிடும். ஆகையால் இவ்வேலையைப் படகு நீரில் மிதக்கும்போது, கடல்நீர் வாயிலைத் திறந்துவிட்டுச் செய்தல் நன்று. இயலாவிடின், பீப்பாவில் நீர் நிரப்பி, பம்பியின் உறிஞ்சு குழாயை அதனுள் இடுதல் வேண்டும். தேமோஸ்டட் என வழங்கும் வெப்பநிலைநிறுத்தி திறக்கும்வரை இயந்திரம் ஓடவேண்டும். அது திறவாவிடின் கழுவுநீர் சுற்று முழுவதும் செல்லாது. வெப்பமாற்றிக்குப் போகும் குழாய் கையிற் சூடாகப் படுவதே அது திறந்ததற்கு அடையாளம். ஆறவிட்டு வடித்து, தெளிந்த நீர் வரும்வரை இவ்வாறு செய்க. குழாய்கள் இளகியோ வெடித்தோ இருப்பின் இத்தறுவாயிலே மாற்றிவிடலாம். மூடியின் இறப்பர் வளையத்தையும் பார்க்க.

புதிய கலவையை வெளியே ஒரு தூய வாளியிற் கலந்தபின்னரே வார்த்தல் வேண்டும். கழுவிய நீர் முழுவதும் வடியாமல் எஞ்சியிருந்தால், அதற்கேற்ப நீர்மத்தைக் கூட்டவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. காற்றுத் திருகுகளைத் திறந்து வைத்து, மெதுவாக வார்க்க. விரைந்து வார்த்தால் உருளைத்தலையிற் காற்று சிறைப்பட்டு, அவ்விடம் நீரின்றிக் காயும். காற்று முற்றாக வெளியேறித் திருகால் நீர் ஒழுகத் தொடங்கியபின் அதனை இறுக்கி, இயந்திரத்தைச் சிறிதுநேரம் ஓட்டி, ஆறவிட்டு மட்டத்தைப் பார்த்தால் அது குறைந்திருக்கும்; மீண்டும் நிரப்புக. விரிவதற்கு இடம் விட்டு நிரப்பவேண்டும். ஒளிமுறிவுமானி கிடைக்குமிடத்தில் ஒரு துளியை இட்டு விகிதத்தைச் சரிபார்க்கலாம். மாற்றிய திகதி, நீர்மத்தின் வகை, விகிதம் ஆகியவற்றை இயந்திர அறைச் சுவரில் மையினால் எழுதிவைக்க. அடுத்துக் குறை நிரப்புபவர் வேறொருவராக இருக்கலாம்.

கடலில் நிற்கும்போது குளிராக்கு நீர் குறைந்துபோய், ஆயத்தக் கலவையும் தீர்ந்துவிட்டால், இயந்திரத்தை ஆறவிட்டு, குடிநீரைச் சிறிது சிறிதாக வார்க்கலாம். கொதிக்கும் இயந்திரத்திற் குளிர்நீரை வார்த்தால் உருளைத்தலை வெடிக்கும். கரைசேர வேறு வழியே இல்லையென்ற நிலையில் மாத்திரம் கடல்நீரை வார்க்கலாம். அவ்வாறு வார்த்தால், கரைக்கு வந்த அன்றே முழுவதையும் வடித்து, நன்னீராற் பலமுறை கழுவி, புதிய கலவையை நிரப்புதல் வேண்டும். மீனை விற்று முடித்து மறுநாள் பார்க்கலாம் என விடுதலாகாது.